ஆறு குடம் தண்ணீர்

7-8-72, திங்கள்

வெயில். காற்றே இல்லை.

எழுத்துக்கு மன்னிக்கவும். யாரும் பார்க்கப் போவதில்லை, இருந்தாலும். கோடு போட்ட நோட்டுதான். கோட்டின் மேல் உட்கார மாட்டேன் என்கிறது. ஒரு எழுத்து ஏறுகிறது, அடுத்தது இறங்குகிறது. 'ஈ' எப்படி எழுதினாலும் சாய்ந்து விழுகிறது. நாற்பது வருஷம் சுத்தியல் பிடித்த கை. பென்சில் இந்தக் கைக்கு ஈர்க்குச்சி. நேற்று இரண்டு தடவை முனை ஒடிந்தது.

முதியோர் வகுப்பில் சேர்ந்து ஐந்து மாதம். மாலை ஆறு மணிக்கு, பள்ளிக்கூடத்து முன் அறையில். டீச்சரம்மா இந்த நோட்டைக் கொடுத்து, "தினம் நடந்தத எழுதுங்க காதர் பாய். நான் திருத்த மாட்டேன், பாக்கவும் மாட்டேன்" என்றார். அறுபத்திரண்டு வயதில் எனக்கென்று ஒரு நோட்டு. வீட்டுக்கு வரும் வழியில் மூன்று தடவை திறந்து பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. அதுவே நன்றாக இருந்தது.

சின்ன வயதில் அரபு ஓதக் கற்றிருக்கிறேன். அந்த எழுத்து வலமிருந்து இடம் போகும். ஓதியதோடு சரி, எழுதியதில்லை. அந்தப் பழக்கத்தில் முதல் மாதம் சிலேட்டின் வலது ஓரத்திலிருந்து தொடங்கினேன். டீச்சரம்மா சிரிக்கவில்லை. மற்றவர்கள் சிரித்தார்கள்.

இன்று படித்தவை: பஸ்ஸில் 'வேப்பூர்'. சோப்பு உறை, முழுவதும். டீக்கடையில் 'இங்கே துப்பாதீர்'. பீங்கான் ஏற்றிய வண்டியில் 'உடையும், மெதுவாக'. இத்தனை வருஷமாக இதெல்லாம் என் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது!

வேலை: பஸ் நிலையத்துக்குப் பின்னால் மூன்று மாடி லாட்ஜ். கக்கூஸ், குளியலறைத் தண்ணீர் இறங்கும் பைப் நாங்கள் போடுகிறோம். தரைக்கு அடியில் சுட்ட மண் பைப், இந்த ஊரிலேயே செய்தது. சுவரில் ஏறுவதற்கு வார்ப்பு இரும்பு. ஒரு பைப்பின் வாய்க்குள் இன்னொன்றை நிறுத்தி, இடைவெளியில் சணலைத் திணித்து, ஈயம் காய்ச்சி ஊற்றி, ஆறியதும் உளியால் இறுக்க வேண்டும். முன்பக்கத்து வரிசை என்னுடையது. பின்பக்கம் கோவிந்தராசுவுடையது. முழுப் பெயரும் எழுதினால் விரல் வலிக்கிறது. இனி கோ.

கோ. நெய்வேலிப் பக்கம் வேலை பார்த்துவிட்டு வந்தவன். என்னைவிட நாலு வயது சின்னவன். அவனைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. கை முடியவில்லை. வீட்டுக்காரி சுபைதா விளக்கெண்ணெய் தடவிவிட்டாள்.

8-8-72, செவ்வாய்

காலையில் தூறல். பத்து மணிக்குச் சுள்ளென்று வெயில்.

கோ.விடம் இருந்து என்னிடம் இல்லாதவை:

வெள்ளைச் சட்டை. வேலை முடிந்த பிறகும் வெள்ளையாக.

சட்டைப் பையில் பேனா.

தலைமுடி.

ஓவர்சியர் அவனை 'மேஸ்திரி' என்கிறார். என்னிடம், "பாய், கொஞ்சம் ஓரமா."

பிளானை விரித்தால் அவனைத்தான் கூப்பிடுகிறார். அவன் விரலை வைத்து, "இங்க எறங்குதுங்க, இங்க திரும்புதுங்க" என்கிறான். நான் எட்டிப் பார்ப்பேன். எறும்பு ஊர்ந்த மாதிரி கோடுகள்.

அவ்வளவுதான். இல்லை, இன்னொன்று. டீ வந்தால் முதல் கிளாஸ் அவனுக்கு.

ஈயம் இறுக்குவதில் அவனும் நானும் சமம் என்று வேண்டுமானால் சொல்லலாம். சொல்ல மாட்டேன்.

இன்று நடந்த நல்லது: ஓவர்சியர் கோ.வைத் திட்டினார். இங்கே ஒரு வழக்கம். வந்திறங்கும் பைப்பை ஓவர்சியர் பார்ப்பார். நல்லதென்றால் அதன் மேல் சாக்பீஸில் எழுதுவார். கெட்டதில் ஒன்றும் எழுத மாட்டார், வேலி ஓரம் உருட்டிவிடச் சொல்வார். எழுத்து இருந்தால் எடுத்துப் போடு, கேள்வி கேட்காதே. எழுதின பைப் ஒன்றைக் கோ. சுத்தியலால் தட்டிப் பார்த்தான். எங்கள் வேலைக்காரர்கள் எல்லாருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. நல்ல பைப் மணி மாதிரி ணங்கென்னும். விரிசல் இருந்தால் டொக்கென்னும், மேலே தார் பூசி மறைத்திருந்தாலும்.

"நான் எழுதினதுக்கு மேல நீங்க என்ன தட்டிப் பாக்குறீங்க மேஸ்திரி? என் கண்ணு பொய்யா?"

"இல்லீங்க. கை பழக்கம்."

"அந்தக் கைய அடக்குங்க."

கோ. முகம் சுருங்கிப் போனது. எனக்கு மத்தியானச் சோறு நன்றாக இறங்கியது.

சாப்பிட்ட பிறகு ஓவர்சியர் கடலூர் போய்விட்டார், வெள்ளிக்கிழமைதான் வருவார். அவர் போன பிறகு லாரி வந்தது. மூன்று வளைவுகள். மேலிருந்து நேராக இறங்கும் பைப், தரையருகில் வந்ததும் வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பத்துக்கான வளைந்த துண்டு. எனக்கு ஒன்று, கோ.வுக்கு ஒன்று, ஒன்று உபரி. எதிலும் எழுத்து இல்லை. கோ. மேல் மாடியில் இருந்தான். நான் தட்டிப் பார்த்தேன்.

ணங். ணங். டொக்.

தடவிப் பார்த்தேன். தாருக்கு அடியில், வளைவின் முதுகில், மயிரிழை போல.

எழுத்துக்குக் காத்திராமல், நல்லதில் ஒன்றை எனக்கென்று எடுத்துக்கொண்டு போனேன். நல்லதும் கெட்டதுமாக இரண்டு சாமான் கொட்டகையிலேயே கிடக்கின்றன. கோ.விடம் ஒன்றும் சொல்லவில்லை.

9-8-72, புதன்

வெயில். தூக்கம் சரியில்லை.

இந்தப் பைப்பில் தண்ணீர் எப்போதும் நிற்காது. மேலே ஊற்றினால் கீழே போய்விடும். சுவரில் தொங்குகிற வெறும் குழாய்தான். ஆனால் என்றைக்காவது துணியோ மண்ணோ அடைத்துக்கொள்ளும். அன்றைக்கு மூன்று மாடித் தண்ணீரும் அடி வளைவின் மேல் நிற்கும். அதற்காகத்தான் சோதனை. கீழ் வாயை அடைத்துவிட்டு மொட்டைமாடியிலிருந்து தண்ணீர் ஊற்றி நிரப்புவோம். ஒரு வரிசைக்கு ஆறு குடம் பிடிக்கும். ஆறு குடம் என்றால் ஒரு வீட்டுச் சமையலுக்குக் காணாது. ஆனால் முப்பது அடி உயரத்துக்கு எழுந்து நிற்கிறபோது அது வேறு தண்ணீர். ஒரு தடவை நல்ல ஈயத்தையே பிதுக்கித் தள்ளியதைப் பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமை சோதனை.

மத்தியானம் சுபைதா சோறு கொண்டுவந்தாள். சாப்பிடும்போது சொன்னாள், "அந்த மேஸ்திரி சட்டப் பையில பேனா வச்சிருக்காரு பாத்தீங்களா. நீங்க பீடிக்கட்டு வச்சிருக்கீங்க."

"அவன் எழுதிப் பாத்திருக்கியா நீ?"

"பேனா வச்சிருக்கிறவரு எழுதாம இருப்பாரா?"

"நானும் எழுதுறேன்."

"வூட்டுல எழுதுறீங்க. யாரு பாக்குறா?"

சோறு இறங்கவில்லை. அவள் போன பிறகு கொட்டகைக்குப் போனேன். ஓவர்சியர் விட்டுப் போன சாக்பீஸ் துண்டு ஜன்னலில் இருந்தது. எடுத்தேன். கெட்ட வளைவின் மேல் எழுதினேன்.

விரிசல்.

நாலு எழுத்து. கறுப்புத் தார் மேல் வெள்ளை. ஒன்றுகூடச் சாயவில்லை. நோட்டுக்கு வெளியே நான் எழுதின முதல் வார்த்தை. தள்ளி நின்று பார்த்தேன், கிட்டப் போய்ப் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது.

வாயால் சொல்லியிருக்கலாம். கோ. பத்தடி தூரத்தில்தான் சணல் பிரித்துக்கொண்டிருந்தான். வாய் வரவில்லை. அதோடு, அவன் படிக்க வேண்டும். படித்துவிட்டு, "யாரு எழுதினது?" என்று கேட்க வேண்டும்.

10-8-72, வியாழன்

மேகமூட்டம். ஸ்ரீமுஷ்ணம் போய் வந்தேன், தங்கச்சி வீட்டுக்கு. வேலைக்குப் போகவில்லை.

போகிற வழியெல்லாம் பலகை படித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "எல்லாத்தையும் வாய் விட்டே படிப்பீங்களா பாய்?" என்றார். வாய் விட்டுப் படித்தது எனக்கே தெரியவில்லை.

இந்நேரம் கோ. பார்த்திருப்பான். நாளைக்கு என்ன சொல்வான்? 'பாய், உங்க எழுத்தா? முத்து முத்தா இருக்குதே.' நான் ஒன்றும் சொல்லாமல் பீடி பற்ற வைப்பேன்.

தங்கச்சி பலகாரம் கட்டிக் கொடுத்தாள். நன்றாக இருந்தது. முறுக்கு கொஞ்சம் கடினம்.

11-8-72, வெள்ளி

புழுக்கம்.

காலையில் நேராகக் கொட்டகைக்குப் போனேன். ஒரு வளைவுதான் கிடந்தது. தட்டினேன். ணங்.

எழுத்து இல்லாத நல்லது அங்கே கிடக்கிறது. நான் எழுதினது இல்லை.

பின்பக்கம் ஓடினேன். வளைவை மாட்டி, ஈயம் ஊற்றி, இறுக்கி முடித்திருந்தான். என் எழுத்து சுவர்ப்பக்கம் திரும்பி, பாதி தெரிந்தது.

"கோவிந்து, இத ஏன் எடுத்தே?"

"ரெண்டுல எழுத்து இருந்தது இதுதான் பாய். இன்னொண்ணுல ஒண்ணும் இல்ல. அத எப்படி எடுக்கிறது?"

"தட்டிப் பாத்தியா?"

"எழுதினத தட்டக் கூடாதுன்னு திட்டு வாங்கினது நானா நீங்களா?"

"என்ன எழுதியிருந்துது?"

"என்னத்த எழுதுவாரு. நல்லா இருக்குதுன்னுதான். கடலூர் போறதுக்கு முன்னாடி எழுதிட்டுப் போயிருக்காரு."

ஓவர்சியர் போன பிறகுதான் லாரி வந்தது. மாடியில் இருந்தவனுக்கு அது தெரியாது. எனக்கு எல்லாம் ஒரு நொடியில் விளங்கியது. கோ.வுக்குப் படிக்கத் தெரியாது.

முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைக்காமல் எழுதுகிறேன். வெள்ளைச் சட்டை, பேனா, பிளான் மேல் விரல், அத்தனையும் வைத்துக்கொண்டு ஒரு எழுத்து தெரியாது! எனக்குத் தெரியும்! ஒரு பீடி முழுவதும் அந்தச் சந்தோஷம் இருந்தது.

அப்புறம்தான் உறைத்தது. நான் எழுதாமல் இருந்திருந்தால் இரண்டையும் தட்டிப் பார்த்து நல்லதை எடுத்திருப்பான். என் எழுத்துதான் கெட்டதை அவன் கையில் கொடுத்திருக்கிறது.

சொல்லிவிடலாம் என்று மறுபடி போனேன். அதற்குள் ஓவர்சியர் வந்து பிளானை விரித்திருந்தார். கோ. விரலை வைத்துக்கொண்டிருந்தான். நான் கிட்டப் போனேன்.

"பாய், கொஞ்சம் ஓரமா."

ஓரமாக வந்துவிட்டேன்.

ஜும்மா தொழுகையில் நின்றேன். என்ன ஓதினார்கள் என்று தெரியவில்லை. நாளை காலை, தண்ணீர் ஊற்றும் முன் சொல்லிவிடுவேன்.

12-8-72, சனி

காலையில் நல்ல வெயில். எழுத்து இன்று இன்னும் மோசம்.

என் வரிசையை முதலில் ஊற்றச் சொன்னார் ஓவர்சியர். மொட்டைமாடியில் சித்தாள் அஞ்சலை குடத்தோடு நின்றாள். ஒவ்வொரு குடத்துக்கும் கத்தினாள். கீழே நான் ஒவ்வொரு இணைப்பாகத் தடவிக்கொண்டு வந்தேன். உலர்ந்த ஈயம், ஒரு சொட்டு இல்லை. ஆறாவது குடத்தில் விளிம்பு தொட்டு நின்றது. அரை மணி நேரம். நூல் அளவு இறங்கவில்லை. வளைவு மலை மாதிரி நின்றது.

"பலே பாய்!" என்றார் ஓவர்சியர். முதல் கிளாஸ் டீ எனக்கு வந்தது. ஆம், எனக்கு. என் கையில் கொடுத்தார்கள். அந்த டீயில் நான் எல்லாவற்றையும் மறந்துபோனேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. மறந்துதான் போனேன்.

மேலேயிருந்து அஞ்சலை குரல். "பின்பக்கம் மொதக் கொடம்!"

கிளாஸை எங்கே வைத்தேன் என்று தெரியாது.

"ரெண்டு!"

கட்டிடத்தைச் சுற்றி ஓடினேன். செங்கல் குவியல், மணல், ஜல்லி.

"மூணு!"

கோ. வளைவின் முன்னால் குந்தி உட்கார்ந்து, இணைப்பின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தான். தன் ஈயத்தின் மேல் நம்பிக்கை உள்ளவன் அப்படித்தான் உட்காருவான். முகம் வளைவுக்கு ஒரு சாண் தூரத்தில்.

"நாலு!"

வளைவின் முதுகில் வேர்வை மாதிரி நாலைந்து முத்து. கோ. அதைப் பார்க்கவில்லை, அவன் கண் ஈயத்தின் மேல். நான் கத்தினேனா, தெரியாது. அவன் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். வெள்ளைச் சட்டை டர்ரென்று கிழிந்தது. இரண்டு பேரும் மணலில் விழுந்தோம்.

"அஞ்சு!"

வெடித்தது. இரும்புத் துண்டு ஒன்று எதிர்ச் சுவரில் பட்டுப் பூச்சைப் பெயர்த்தது. கோ. முகம் இருந்த உயரம்தான். தண்ணீர் எங்கள் மேல் அடித்து, ஒரு நிமிஷத்தில் எல்லாம் காலி. மேலே அஞ்சலை, "என்னாங்கடா, கொடத்துல ஓட்டையா, பைப்புல ஓட்டையா?" என்றாள்.

ஓவர்சியர் ஓடி வந்தார். துண்டைப் பொறுக்கிப் பார்த்தார். பழைய விரிசல் துருப்பிடித்துத் தெரிந்தது. மேலே சாக்பீஸ் தடம், பாதி தண்ணீரில் கரைந்து.

"இது யாரு எழுதினது? என் எழுத்து இல்ல இது. மேஸ்திரி, படிச்சுப் பாத்துட்டுத்தான போட்டீங்க? என்ன எழுதியிருந்துது?"

கோ. சாக்பீஸ் தடத்தையே குனிந்து பார்த்தான். ஈரத்தில் சட்டைப் பை தொங்கியது, பேனா அப்படியே இருந்தது. சுற்றிப் பதினைந்து பேர். அந்த முகத்தைப் பார்க்க இவ்வளவு நாள் ஆசைப்பட்டவன் நான். வந்தபோது பார்க்க முடியவில்லை.

"நான் எழுதினதுங்க" என்றேன். "வெரிசல்னு எழுத நெனச்சேன். அஞ்சு மாசமாத்தான் படிக்கிறேன். என் எழுத்து கோழி கிண்டினாப்புல இருக்கும். அத எவராலயும் படிக்க முடியாதுங்க. அவரு எப்படிப் படிப்பாரு?"

ஓவர்சியர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கரைந்தது போக மிச்சம் ஒன்றுமே புரியவில்லை அவருக்கு.

"இதுக்கா பாய் ஸ்கூலுக்குப் போறீங்க? வாயால சொல்ல மாட்டீங்களா? உங்களுக்கெல்லாம் எதுக்குச் சாக்பீஸு?"

எல்லாரும் சிரித்தார்கள். அஞ்சலை மேலேயிருந்தே சிரித்தாள்.

நான் எழுதினதிலேயே நல்ல எழுத்து அது. ஒன்றுகூடச் சாயவில்லை.

13-8-72, ஞாயிறு

மாலையில் மழை வருகிற மாதிரி இருந்து, வரவில்லை.

கோ. வீட்டுக்கு வந்தான். முதல் தடவை. சுபைதா டீ வைத்தாள். கிழிந்த சட்டையைப் பார்த்துவிட்டு, கேட்காமலே ஊசி நூலை எடுத்து வந்து கொடுத்தாள். அவன் வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"பாய், நெஜமா என்ன எழுதியிருந்தீங்க?"

"வெரிசல்."

"தெளிவாத்தான் எழுதியிருந்தீங்களா?"

"ரொம்பத் தெளிவா."

ஒரு மடக்கு டீ குடித்தான்.

"அது வெரிசல்னு எப்ப தெரியும் ஒங்களுக்கு?"

"செவ்வாக்கெழமையிலேருந்து. நீ அத மாட்டினது நேத்தில்ல, முந்தா நாளே தெரியும். தண்ணி ஊத்துறதுக்குள்ள சொல்லியிருக்கலாம்."

கிளாஸைக் கீழே வைத்தான். எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். போனால் சரிதான்.

"ஏன் சொல்லல?"

"ஒன் பேனாவப் பாத்து வயித்தெரிச்சல்."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு சொன்னான், "பிளான நான் படிக்கிறதில்ல பாய். நெய்வேலிப் பக்கம் வேலை செய்யும்போது ஒருத்தரு வட்டம்னா திருப்பம், ரெண்டு கோடுன்னா பைப்புன்னு காமிச்சாரு. அத வச்சே ஓட்டுறேன். பக்கத்துல எழுதியிருக்கிறது ஒண்ணும் தெரியாது. என்னைக்காவது யாராச்சும் படிக்கச் சொல்லுவாங்கன்னு தெனம் வயித்துல புளியக் கரைக்கும்."

சுபைதா உள்ளேயிருந்து, "ரெண்டு பேருக்கும் வயித்துலதான் கோளாறா?" என்றாள்.

கோ. சிரித்தான். என்னால் சிரிக்க முடியவில்லை. கொஞ்சம் கழித்துச் சிரித்தேன். போகும்போது கேட்டான், "அந்த ஸ்கூலு எத்தனை மணிக்கு?"

14-8-72, திங்கள்

ஒரு வாரம் முழுவதும் எழுதிவிட்டேன்!

காலையில் இரண்டு பேருமாகப் பின்பக்கத்து ஈயத்தை வெட்டி எடுத்தோம். கொட்டகையில் கிடந்த வளைவை நான் தட்டினேன், கோ. காதை வைத்துக் கேட்டான். ஓவர்சியர் பார்த்தும் திட்டவில்லை. புதிதாக ஊற்றினோம். சாயங்காலம் ஆறு குடமும் நின்றது. இன்றும் கோ. உள்ளங்கையை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வேலை முடிந்து நேராக வகுப்பு. கோ. வந்தான். அதே வெள்ளைச் சட்டை, தோளில் தையல். பையிலிருந்து பேனாவை எடுத்தான். வாங்கின நாளிலிருந்து மை ஊற்றியதே இல்லையாம். டீச்சரம்மா சிலேட்டு கொடுத்தார்.

அ. ஆ. இ. பிறகு ஈ. ஒரே மாலையில். நேராக, கல்லில் வெட்டினது போல.

டீச்சரம்மா அதைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். "காதர் பாய், இங்க பாருங்க. இவரு கை எவ்வளவு நேரா வருது!"

நான் என் சிலேட்டைத் துடைத்தேன்.

கோ. என் காதோரம் சொன்னான், "ஒங்களப் பாத்து எழுதல பாய். நல்லவேளை."

ஐந்து மாதம் எனக்கு. அவனுக்கு ஒரு மாலை.

இந்த வாரம் இந்த நோட்டைத் தொடப் போவதில்லை. வேறு தாளில் 'ஈ' மட்டும் எழுதுவேன். சோறு ஆறினாலும் எழுதுவேன். அடுத்த திங்கள் இதைத் திறந்து மறுபடி எழுதும்போது முதல் எழுத்து 'ஈ'. நேராக நிற்கும். அவனுடையதைவிட.